சான்று தேவை

பினாங்குத் தீவில் எங்கள் சுங்கை பினாங் ஃபிளாட்டில் மேல்மாடி அக்காவின் குரல் தெரியாதவர் கிடையாது. தைப்பூசம் வந்தால் தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரப் பந்தலில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகளை அறிவிப்பது அவர்தான். "சிவப்புச் சட்டை தம்பி. அப்பா பேரு கேட்டா 'அப்பா'ங்கிறான். இங்க உக்காந்து மோர் குடிக்கிறான், சீக்கிரம் வாங்கலா" என்பார். அதையே மலாயிலும் ஹொக்கியன் சீனத்திலும் சொல்வார்.

போன வருஷம் அவருக்குத் தொண்டையில் ஆபரேஷன். குரல் போய்விட்டது, காற்றாகத்தான் வரும். என் மனைவிக்கு மனசு கேட்கவில்லை. இணையக் கலைக்களஞ்சியத்தில் அக்காவுக்கு ஒரு பக்கம் எழுதியே தீருவேன் என்று உட்கார்ந்தாள். அவள் பிடித்தால் உடும்புப் பிடி.

பக்கம் ஏறிய மறுநாளே வரிக்கு வரி 'சான்று தேவை' என்று குறி விழுந்தது. இல்லாவிட்டால் நீக்கிவிடுவார்களாம். பத்திரிகையிலோ புத்தகத்திலோ வந்திருக்கிறதா என்று வெளிநாட்டிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். அவரும் தமிழர்தான், மரியாதையாகத்தான் கேட்டார். எங்கே வரும்? அலகு குத்திய முதுகைப் படம் பிடிக்க உலகத்திலிருந்து வருகிறார்கள். குரலை யார் படம் பிடிப்பது? அதே களஞ்சியத்தில், ஏதோ குளிர் தேசத்தில் ரயிலே நிற்காத ஒரு ஸ்டேஷனுக்கு நீளமாகப் பக்கம் இருக்கிறது. அந்த ஊர்ப் பத்திரிகை எழுதி வைத்திருக்கிறதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சான்று கேக்கிறாங்க அக்கா" என்று இவள் போய்ச் சொல்லியிருக்கிறாள். சான்று என்றால் சாட்சி என்று அக்கா எடுத்துக்கொண்டு, தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. மீசைக்கார லாரி டிரைவர், பேங்க்கில் வேலை பார்க்கும் பெண், சூலியா தெருவில் கடை வைத்திருக்கும் சீனர், இன்னும் யார் யாரோ. எல்லாரும் சின்ன வயதில் பூசத்தில் தொலைந்து, அக்காவின் மைக்கால் வீடு சேர்ந்தவர்கள். "நாந்தாண்ணே அந்த மோர் குடிச்ச பையன். எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார் டிரைவர். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தேத்தண்ணி போட்டே பால் டின் காலி.

அவர்கள் சொன்னதையெல்லாம் என் மனைவி தட்டச்சு செய்து அனுப்பினாள். வாய்வழிச் செய்தி செல்லாது, அச்சில் வந்திருக்க வேண்டும் என்று பதில் வந்தது. அந்த வாரமே பக்கத்தை நீக்கிவிட்டார்கள்.

இதை அக்காவிடம் யார் சொல்வது? இருவருமாகத்தான் மாடி ஏறினோம். இவள் திக்கித் திணறிச் சொல்லி முடித்தாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"தொலைஞ்ச பிள்ளைங்க எல்லாம் அம்மாவத்தாம்மா தேடும். என்னை யாரும் தேடினதில்ல. நீ ஒருத்திதான் என்னைத் தேடி, என் ஆளுங்ககிட்ட சேத்த."

என் மனைவி அழுதுவிட்டாள். நானும்தான்.