தலையசைத்துப் பார்த்த தூரம்

ஒரு எவர்சில்வர் டம்ளர். அதற்கு ஒரு விரற்கடை தள்ளி, தரையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார் அண்ணன். கரும்பு வெட்டும்போது அதன் சோகை இலை கிழித்து அவருக்கு வலக்கண் போயிருந்த சமயம். காலி டம்ளரைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரிக்கத்தான் முயன்றார். எனக்குத்தான் தாங்கவில்லை. துடைக்கத் துணி எடுக்கும் சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

அப்போது என் மகளுக்குக் காது குத்த நாள் பார்த்திருந்தோம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். எனக்கு இருப்பதோ ஒரே அண்ணன். அதற்காகவே களமருதூரிலிருந்து அழைத்து வந்திருந்தேன். அவர் பிடிகொடுக்கவே இல்லை. "எனுக்குத் தூரம் தெரியல பாப்பா. நீ கொயந்தய ஒரு பக்கம் நீட்டுவ, நான் வேற பக்கம் கைய நீட்டுவேன். கீய வுட்டுட்டா இன்னா பண்றது? வேற யார் மடிலயாவது வெச்சிக் குத்திடு" என்றார். குழந்தையின் பக்கமே போகமாட்டார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அந்தச் சோகைமேல் அதைவிடக் கோபம்.

கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். அன்று மாலை, மறுநாள் பாடத்தைக் கூடத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரலை நீட்டி ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, பிறகு மறு கண்ணை மூடினால் விரல் நகர்வதுபோல் தெரியும். கிட்டே இருந்தால் அதிகம் நகரும், எட்ட இருந்தால் குறைவு; அதை வைத்தே தூரத்தைச் சொல்லிவிடலாம். ஆறு மாதத்தில் பூமி சூரியனுக்கு அந்தப்பக்கம் போய்விடுகிறதே, அப்படியானால் பக்கத்து விண்மீனும் இடம் மாறித் தெரிய வேண்டும். வெறுங்கண்ணால் அளந்த பழைய கெட்டிக்காரர்கள், நிலாவின் அகலத்தில் முப்பதில் ஒரு பங்குவரை பிசகாமல் பார்த்தவர்கள். அவர்களுக்கே நகர்வு அகப்படவில்லை. அதனால் பூமிதான் நகரவில்லை என்று முடிவுகட்டினார்கள். அந்த நகர்வு அவ்வளவு சின்னது. நல்ல தொலைநோக்கிகள் வந்த பிறகே பிடிபட்டது. பிற்பாடு செயற்கைக்கோள் ஒன்று லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களுக்கு அதை அளந்து தள்ளியது.

அண்ணனும் கட்டைவிரலை நீட்டினார். "எனுக்கு நவுரவே இல்லியே." நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் விரலை இறக்கவில்லை. "பூமிக்கு மட்டும் ரெண்டு கண்ணா இருக்குது? எடத்த மாத்திக்கினுதான பாக்குது?" தலையை இடப்பக்கம் சாய்த்தார், வலப்பக்கம் சாய்த்தார். "நவுருது பாப்பா!" அப்புறம் ஊற்றிப் பழக டம்ளரும் சொம்புமாக உட்கார்ந்துவிட்டார்.

காதுகுத்தில் குழந்தையை நீட்டினேன். தலையை இரண்டு பக்கமும் ஆட்டிவிட்டு, அலுங்காமல் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஏதோ விளையாட்டென்று அவளும் ஆட்டினாள். ஊசி இறங்கும்வரை சிரித்துக்கொண்டே இருந்தாள். நான்தான் அழுதேன்.

இப்போது அவள் கல்லூரிக்குப் போகிறாள். போன வாரம் மாமா வந்ததும் அதே டம்ளரில் தண்ணீர் நீட்டினாள். அவர் தலையை ஆட்டிப் பார்த்தார். எதிரில் நின்று அவளும் ஆட்டினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"உனுக்கு இன்னாத்துக்குடி? ரெண்டு கண்ணும் நல்லாதான இருக்குது?"

"நீ எங்க இருக்கிறன்னு எனுக்குத் தெரிய வாணாமா மாமா?" என்றாள்.