பிடித்தால் கதவு, விட்டால் படம்

போன வாரம் எனக்கும் ஓர் அட்டைப் பெட்டிக்கும் சண்டை. தோற்றது நான்தான்.

பெட்டி என் பேத்தியுடையது. அவள் பல்கலைக்கழகத்தில் நாடகம் படிக்கிறாள். நடிப்பு, மேடை அமைப்பு, உடை, விளக்கு என்று எல்லாம் சேர்ந்த மூன்று வருடப் படிப்பு. எங்கள் நாளில் நாடகம் போடுகிறவனைக் காட்டி, "படிக்காம விட்டா இவனாட்டம் ஆயிடுவே" என்று பிள்ளைகளை மிரட்டுவார்கள். பல வீடுகளுக்கு அந்த 'இவன்' நான்தான். இப்போது அதற்கே பட்டம் கொடுக்கிறார்கள் என்றால், யாரைக் காட்டி மிரட்டுகிறார்களோ தெரியவில்லை.

விடுமுறைக்கு வந்தவள் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு, பெட்டிக்குள் ஒரு நாடகக் கொட்டகையைச் சின்னதாகச் செய்துகொண்டிருந்தாள். வாங்கி வைத்த பசை தீர்ந்துபோனதும் அடுப்பில் மரவள்ளி மாவைக் காய்ச்சினாள். அந்த மணம் வந்ததும் நான் கையிலிருந்த நாளிதழை மடித்துவிட்டேன். உங்களுக்கு அந்த மணம் தெரியாவிட்டால் நீங்கள் பாக்கியசாலி. ஈரத் துணியை வேகவைத்த மாதிரி இருக்கும். ஜப்பான்காரன் காலம் மூன்றரை வருடமும் எங்கள் வயிறு முழுக்க அதுதான்.

"தாத்தா, வந்து பாருங்க" என்றாள்.

எட்டிப் பார்த்தேன். குட்டி மேடை, குட்டித் திரை, அட்டையில் வெட்டிய குட்டி மனிதர்கள். சுவர்களில் நான்கு ஓட்டைகள்.

"என்னாம்மா இது, எலி கடிச்சிருச்சா?"

"அலமாக் தாத்தா, அது வாசல் லா! முதல் கிளாஸ்லயே சொல்லிட்டாங்க. மேடையப் பத்தி அப்புறம் யோசிங்க, உள்ள வந்த ஜனங்க எப்படி வெளிய போவாங்கன்னு முதல்ல வரைங்கன்னு."

"எவன்டா அவன்!" என்று கத்திவிட்டேன். கை பட்டுப் பெட்டி கவிழ்ந்து, அட்டை மனிதர்கள் தரையில் கொட்டினார்கள். அந்த வாத்தியார் மேல் எனக்கு என்ன கோபம்? ஐம்பது வருடம் பிந்திச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

உலு திராம் ஊரிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ரப்பர் தோட்டம். வெள்ளைக்காரத் துரை சிங்கப்பூருக்கு ஓடியபோது பங்களாவின் சன்னல் திரைகளைக்கூடக் கழற்ற நேரமில்லை. அந்தத் திரைகள்தான் பிற்பாடு என் அரண்மனை ஆயின. எனக்கு அப்போது இருபது வயது. ரப்பர் ஸ்டோரில் வேலை. பெயருக்குத்தான் ஸ்டோர் வேலை. மனசுக்குள் நான் நாடக ஆசிரியன், ஓவியன், வில்லன் நடிகன். இந்த மூன்று திறமையும் எனக்கு உண்டு என்று தோட்டத்தில் நம்பியவன் நான் ஒருவன்தான். பாதி நம்பியவன் சண்முகம்.

சண்முகம் ரப்பர் பால் வெட்டுகிறவன். கூச்சமே இல்லாமல் பெண் வேடம் கட்டுவான். சேலை கட்டி அவன் நடந்தால், லயத்து வீட்டு வரிசைகளில் இருக்கும் பெண்களே நின்று நடையைக் கவனிப்பார்கள். ஆனால் வாய் மட்டும் ராணி வாய் அல்ல. மந்திரி வேடக்காரன் நான் மெனக்கெட்டு அரண்மனை வரைந்தால், "ஏன்டா மந்திரி, இவ்வளவு தூண் வச்சிருக்கியே, ராஜாவுக்குக் கக்கூசு எங்கடா?" என்பான்.

அரண்மனை வரைந்த கதை தனி. சாயம் ஏது? ரப்பர் புகைபோடும் கொட்டகைக் கரி, செங்கல் தூள், சுண்ணாம்பு, மஞ்சள். எல்லாம் துணியில் ஒட்ட மரவள்ளிப் பசை. ஒரு நாள் காலையில் பார்த்தால் கடைசித் தூண் மட்டும் வெளுத்திருந்தது. ஆடு நக்கிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். தோட்டத்து ஆடுகளை ஜப்பான்காரன் என்றோ தின்று முடித்துவிட்டான் என்பதைச் சண்முகம்தான் ஞாபகப்படுத்தினான். "ஆட்டோட நாக்குல சுண்ணாம்பு இருக்குதே, காட்டுடா" என்றான். பசி அப்படி. என் கலையை நானே தின்றவன்.

ஆனால் அந்தத் திரையில் ஒரு வித்தை வைத்திருந்தேன். இன்று சொல்லும்போதும் பெருமை எட்டிப் பார்க்கிறது. அந்தப் பெருமையை உதைக்க வேண்டும். நடுவில் அரண்மனைக் கதவு. அது வெறும் படமல்ல. அந்த இடத்தில் இரண்டு துணிகள் ஒரு முழம் அளவு ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ஓரம் ஒரு தூணின் கோட்டோடு மறைந்துவிடும். பின்னாலிருந்து ஒருவர் துணியை விலக்கிப் பிடித்தால் ராணி கதவைத் திறந்து வருவது போலிருக்கும். பிடித்தால் கதவு, விட்டால் படம். முன்னாலிருந்து பார்க்கிறவன் மூக்கை வைத்துத் தேடினாலும் பிளவு அகப்படாது. ஒத்திகை முழுக்க அந்தத் துணியைப் பிடித்தது என் கைதான்.

நாடகம் போடச் சொன்னது பெரிய கிராணி. துரை போன பிறகு தோட்டத்துக் கணக்குப்பிள்ளை வேலையோடு துரைத்தனத்தையும் அவரே பார்த்தார். அதற்கு முன்பே ஒரு கூட்டம் சயாமுக்கு ரயில் பாதை போடப் போயிருந்தது. மூன்று மாத வேலை என்று சொல்லித்தான் கூட்டிப் போனார்கள். ஒருவர்கூடத் திரும்பவில்லை. அதிலிருந்து லோரிச் சத்தம் கேட்டாலே ஆண்கள் ரப்பர் காட்டுக்குள் பாய்ந்துவிடுவார்கள். ஜப்பான் அதிகாரி ஆள் கேட்டு வருவான், லயத்தில் கிழவர்களும் கோழிகளும்தான் இருப்பார்கள். பிறகு கோழிகளும் இல்லை.

"தோட்டத்துல சிரிப்புச் சத்தமே இல்ல தம்பி" என்றார் கிராணி. "ஒரு நாடகம் போடுங்களேன். வர்றவங்களுக்கு ஆளுக்கு ஒரு பொட்டலம் உப்பு தர்றதா அதிகாரி சொல்லியிருக்காரு."

உப்பு! பொந்தியான் பக்கம் கடல் தண்ணீரைக் காய்ச்சிக் கொஞ்சம் எடுத்தார்கள் என்று கேள்வி. எங்களுக்குக் கடல் ஏது? உப்பில்லாத மரவள்ளியைத் தின்று நாக்கே செத்துப்போயிருந்தது.

"ஒரே வாசல் வை. வரிசையா வந்தாத்தான் உப்பு குடுக்க முடியும். மத்த பக்கமெல்லாம் மறைச்சிடு."

மறைக்கச் சொன்னது அவர். ஆனால் மறைத்தது யார்? இந்த இடத்தில்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அவர் ஒரு சுற்று அத்தாப்பு ஓலைத் தட்டி கட்டச் சொன்னார். நான் இரண்டு சுற்று கட்டினேன். கம்பி போட்டு இறுக்கினேன். மேடைப் பக்கம் மட்டும் தட்டி இல்லை; கம்பியில் இறுக்கிய என் திரையே அங்கே சுவர், அதற்குப் பின்னால் ஆள் உயர லாலான் புல். என் நாடகத்தை எவனும் வெளியே மரத்தில் தொங்கிக்கொண்டு ஓசியில் பார்த்துவிடக் கூடாதாம்! உள்ளே இன்னொன்றும் செய்தேன். அந்தக் காலத்தில் தோட்டத்தில் எது நடந்தாலும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் ஒரு கயிறு. அந்தக் கயிற்றையும் நானே கட்டினேன். ஆண்கள் மேடைக்கு அருகில், பெண்கள் வாசலுக்கு அருகில். பிள்ளை அழுதால் தாய் எழுந்து போக வசதியாம். எவ்வளவு முன்யோசனை பாருங்கள்.

இரவில் விளக்கேற்றத் தடை இருந்ததால் பிற்பகலிலேயே நாடகம். ரப்பர் காட்டிலிருந்து ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். கையில் உப்புப் பொட்டலம். சிலர் அதைப் பிரித்து விரலால் தொட்டு நக்கிக்கொண்டே உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் சண்முகத்தின் அப்பா. மகன் உடுத்தியிருந்தது அவருடைய செத்துப்போன மனைவியின் கூறைப்புடவை. அவரே பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "கிழிச்சிராதடா" என்று மட்டும் சொன்னார்.

இடம் நிறைந்துவிட்டது. திரை இடுக்கில் பார்த்துவிட்டு, "கூட்டத்தைப் பாத்தியாடா! எனக்காகவா, உப்புக்காகவா?" என்று சண்முகத்தைக் கேட்டேன்.

"உன் நடிப்பப் பாத்துட்டு அழுவாங்கள்ள, அந்தக் கண்ணீரே உப்புத்தான். பொட்டலம் எதுக்கு?" என்றான்.

நான் அவனிடம் கேட்ட கடைசிச் சிரிப்பு அது.

மூன்றாவது காட்சி. துரோகி மந்திரியாகிய நான் மரக்கத்தியோடு திரைக்குப் பின்னால் நிற்கிறேன். மேடையில் ராணி புலம்புகிறாள். வெளியே கடகடவென்று சத்தம். மேடைக்கு முன்னால் உட்கார்ந்து இடிக்காகத் தகரம் அடிக்கிறவன் முந்திக்கொண்டான் என்று நினைத்து, திரை இடுக்கு வழியாக, "இப்ப இடி இல்லடா!" என்று பல்லைக் கடித்தேன். அவன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். கையில் கட்டையே இல்லை. மறு நொடி தட்டிக்கு அடியில் புகுந்து பார்த்தான், இரண்டு சுற்று. சிக்கிக்கொண்டான்.

லோரி வாசலை அடைத்துப் பின்பக்கமாக நின்றது. முன்வரிசை நாற்காலியிலிருந்து கிராணி எழுந்தார். "யாரும் பயப்படாதீங்க, மூணு மாச வேலைதான்" என்றார். குரல் நடுங்கவில்லை. எங்கள் யாரையும்விட நன்றாக ஒத்திகை பார்த்திருந்தார்.

ஆணைத் தனியாக, பெண்ணைத் தனியாகப் பிரிக்க ராணுவத்தானுக்கு ஒரு நிமிடம் ஆகவில்லை. பிரித்துத்தானே வைத்திருந்தேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்களை லோரி ஓரமாக வெளியே விரட்டிவிட்டான். இந்தப் பக்கத்தைச் சுற்றிக்கொண்டான். மேடையில் ஏறிய ஒருவன் ராணியைப் பார்த்துச் சிரித்து, பெண்கள் பக்கம் போகும்படி துப்பாக்கி முனையால் காட்டினான். சண்முகம் தப்பித்தாயிற்று. தலையைக் குனிந்துகொண்டு கூட்டத்தோடு நடந்திருந்தால் போதும்.

அவன் என் கதவுக்குள் வந்தான்.

"பின்னால யாரும் இல்லடா, லாலான் புல்லுதான். ஓடிடலாம் வா" என்றேன்.

"அப்பா உள்ள இருக்காரு. கூட்டிட்டு வந்துடறேன். முடிஞ்சா இன்னும் நாலு பேர இப்படித் தள்ளிவிடறேன். நீ துணிய மட்டும் விடாதடா. பிடிச்சுக்க."

பிடித்துக்கொண்டேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவன் கூட்டத்துக்குள் புகுந்ததைப் பார்த்தேன். மேடையில் இருந்த ராணுவத்தான் திரும்பினான். என்னைப் பார்த்தானா, கதவைப் பார்த்தானா, இன்றுவரை தெரியாது. கை விட்டுவிட்டது. கை விட்டுவிட்டது என்று எழுதுகிறேன் பாருங்கள், கை ஏதோ வேறு ஆளுடையது போல. நான் விட்டேன். விட்டுவிட்டு மரக்கத்தியோடு லாலானுக்குள் ஓடினேன். அந்தக் கத்தியை ஏன் தூக்கிக்கொண்டு ஓடினேன் என்று கேட்காதீர்கள்.

புல்லுக்குள் படுத்துப் பார்த்தபோது லோரி போய்க்கொண்டிருந்தது. உள்ளே நிற்கிறவர்கள் நடுவில் ஒரு கூறைப்புடவை. தலையில் சவுரி இல்லை. அவனே கழற்றினானா, யாராவது பிடுங்கினார்களா? அதைப் பார்த்திருக்க வேண்டிய இடத்தில் நான் இல்லை.

ஜப்பான்காரன் சண்டை முடிந்த பிறகு சயாமிலிருந்து சிலர் திரும்பினார்கள். சண்முகத்தின் அப்பா திரும்பினார். சண்முகம் திரும்பவில்லை, பாதி வேலையிலேயே காய்ச்சலில் போய்விட்டானாம். எலும்பும் தோலுமாக லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தவரைப் பார்க்கப் போனேன். காறித் துப்புவார் என்று எதிர்பார்த்தேன். துப்பியிருந்தால் இத்தனை வருடம் கொஞ்சமாவது தூங்கியிருப்பேன்.

"கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தான் தம்பி" என்றார். "இங்கதான்பா கதவுன்னான். வந்து பாத்தா துணி. ரெண்டு கையாலயும் தடவித் தடவிப் பாத்தான். ஓரம் எங்கன்னே தெரியல." பிறகு சொன்னார், "நல்லா வரைஞ்சிருந்தே."

குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே பாராட்டினார். என் வேலைக்கு இதுவரை கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான்.

வெள்ளைக்காரன் வந்ததும் பெரிய கிராணி மறுபடியும் கிராணியானார். பிறகு பெரிய மனிதரானார். கூட்டங்களில் மாலை போட்டார்கள். அந்த லோரியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேனா? அவர் கருமாதிக்குப் போய் இலையில் உட்கார்ந்து, இரண்டாம் தடவை பாயசம் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். உப்புப் பொட்டலத்துக்கு வந்தவர்களைப் பற்றி இளக்காரமாகப் பேச எனக்கு என்ன யோக்கியதை?

கதை முழுவதையும் பெட்டி கவிழ்ந்த அன்றுதான் முதல்முறையாக ஒருவரிடம் சொன்னேன். பேத்தி அழவில்லை. நாடகம் படிக்கிறவள் அல்லவா, தொழில் கேள்வியாக ஒன்று கேட்டாள்.

"எவ்வளவு நேரம் பிடிச்சிருந்தீங்க, தாத்தா?"

"தெரியலம்மா. இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சிருக்கலாம்."

இப்போது அங்கே தோட்டம் இல்லை. லயம் இல்லை, அத்தாப்பு இல்லை, கயிறும் இல்லை. என் அரண்மனையைச் சண்டை முடிவதற்குள்ளேயே கிழித்து, கோணிச் சாக்கைச் சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் உடுத்திக்கொண்டார்கள்; கதவு இருந்த துண்டு யாருக்குப் போயிற்றோ. ரப்பர் நின்ற இடமெல்லாம் வீடுகள், ஒரு பெரிய கடைத்தொகுதி. அதன் கனத்த கண்ணாடிக் கதவை இழுத்துத் திறந்து, பின்னால் வருகிறவர்கள் எல்லாரும் போகும்வரை பிடித்துக்கொண்டு நிற்பது என் வழக்கம். "தேங்க்யூ அங்கிள்" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நன்றியெல்லாம் எதற்கு, போய்த் தொலையுங்களேன் சீக்கிரம்!

போன மாதம் அந்தக் கதவையும் மாற்றிவிட்டார்கள். ஆள் கிட்டே வந்தால் தானாகத் திறக்கிறதாம். பிடித்துக்கொள்ள யாரும் வேண்டாம். நான் அதன் முன்னால் நின்றேன், திறந்தது. பின்னால் வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். வலது கை மட்டும் முன்னால் நீண்டபடியே இருந்தது.