மாமா மறைத்த ஒன்று

என் மாமா கோயில் தேங்காயைத் திருடுகிறார் என்று நான் சந்தேகப்பட்டபோது எனக்கு எட்டு வயது. செடெனாக் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் எங்கள் லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள். அம்மாவின் தம்பியான மாமா ஜொகூர் பாருவில் இங்கிலீஷ் படித்துவிட்டு வந்து, தோட்டத்து ஆபீசில் சின்னக் கிராணியாகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஆறு அஆ, ஒன்பது அஇ என்று எண்ணையும் எழுத்தையும் கலந்து மணலில் எழுதி, இரண்டுக்கும் பொதுவானது மூன்று அ என்பார். அவர் அறிவின்மேல் எனக்கு அபார மதிப்பு இருந்தது.

அந்த ஆண்டு மாரியம்மன் திருவிழா முடிந்த மறுநாள், படையல் பொருள்களைப் பிரிக்கும் பொறுப்பை அப்பா அவரிடம் விட்டார். மிச்சம் விழுந்து வருடா வருடம் சண்டை வந்ததே காரணம்.

"தேங்கா நாப்பத்தெட்டு, வாழச் சீப்பு முப்பத்தாறு, மாம்பழம் அறுபது" என்றார் மாமா. "மூணு, நாலு, ஆறு பங்காவும் பிரிக்கலாம். ஆனா மூணுக்கும் பொதுவா வர்ற பெரிய எண்ணு பன்னெண்டு. வீடும் பன்னெண்டு. மிச்சமே விழாது."

எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். எனக்கு மட்டும் உறுத்தியது. காலையில் பொழுதுபோகாமல் நானே எண்ணியிருந்தேன்: நாற்பத்தொன்பது, முப்பத்தேழு, அறுபத்தொன்று. இவற்றுக்குப் பொதுவாக ஒன்றைத் தவிர வேறு எண் வராது. பொருள் எங்கே போனது?

"காலையில ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு கூட இருந்துச்சு!" என்று கத்திவிட்டேன்.

"அலமாக்!" என்று வாயில் கைவைத்தாள் பக்கத்து வீட்டுக்காரி.

அப்பாவின் முகம் கறுத்தது. "என்ன மச்சான் இது?"

அம்மா அவசரமாகக் குறுக்கே வந்தாள். "நான்தாங்க எடுத்தேன். பூசாரிக்குக் கொடுத்தேன்."

பூசாரி முந்தின நாளே கூலாய் டவுனுக்குப் போய்விட்டார். ஆக, அம்மாவும் கூட்டு.

மத்தியானம் மாமா துணிமூட்டையோடு கிளம்பினார். ரப்பர் மரங்களில் மறைந்து மறைந்து அவர் பின்னால் போனேன். மாட்டுக்கொட்டகை தாண்டி ஒரு தனிக் குடிசை. அந்தப் பக்கம் போனால் காலை ஒடிப்பேன் என்று அப்பா சொல்லி வைத்திருந்த இடம் அது. வாசலுக்கு வந்த பெண் மூட்டையை வாங்கி, மாம்பழத்தை எடுத்து முகத்தோடு வைத்துக்கொண்டாள்.

"அக்கா ஏதாச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டாள். மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

திருட்டைக் கண்டுபிடித்துவிட்ட பெருமையோடு ஓடிவந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா மாமாவைத் திட்டவில்லை. கதவைச் சாத்திவிட்டு என் இரு தோள்களையும் பிடித்தாள்.

"அப்பாகிட்ட மூச்சு விடக்கூடாது" என்றாள். பிறகு மெதுவாக, "ரொம்ப எளைச்சுப் போயிட்டாளா?" என்று கேட்டாள்.

வேறு சாதிக்காரனோடு போனதற்காக அப்பா ஒதுக்கிவைத்த என் சித்தி அவள் என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அன்று நான் திருதிருவென்று விழித்தேன். அன்றுதான் முதன்முதலாகப் பார்த்த ஒருத்தி இளைத்திருக்கிறாளா என்று நான் எப்படிச் சொல்வேன்?