இடக்கைக் கத்தி

என் மனைவிக்கு இடது கைப்பழக்கம். கல்யாணமாகிக் கணபதிப் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில், அவள் காய் நறுக்குவதைப் பார்த்தாலே அம்மாவுக்குப் பதறும். "சோத்துக் கையில புடி அம்மணி, பாக்கவே பயமா இருக்குது" என்பார். அவள் சிரித்துவிட்டு இடக்கையிலேயே நறுக்குவாள்.

வேலை விஷயமாக அவளைக் கொஞ்ச காலம் ஜப்பானுக்கு அனுப்பினார்கள். ஊரில் எல்லோரும் சாக்லேட் வாங்கிவருவார்கள், என் புண்ணியவதி கத்தி வாங்கிவந்தாள். மீனுக்குத் தடித்த முதுகுள்ள தேபா, காய்க்கு மெல்லிய உசுபா என்று அங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு கத்தியாம். இவளுடையது உசுபா. அதற்கு ஒரு பக்கம்தான் சாணை; மறுபக்கம் தட்டை. வலக்கைக்காரர்களுக்கு வலப்பக்கம் தீட்டுவார்கள். இவள் சொல்லிவைத்து, இடப்பக்கம் தீட்டியதாக வாங்கியிருந்தாள்.

"எனக்குன்னே செஞ்ச மொத சாமானுங்க இது" என்றாள். முள்ளங்கியைச் சுற்றிச் சுற்றிச் சீவி, கிழியாமல் ஒரே தாளாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவாள். சாம்பாருக்கு எதற்கடி இந்த வித்தை என்று கேலி செய்வேன்.

போன ஆடியில் டெங்குக் காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. சேலைகளை அவள் தங்கை எடுத்துக்கொண்டாள். கத்தியை மட்டும் நான் விடவில்லை. வலக்கையில் பிடித்தால் வெட்டு ஒரு பக்கமாக ஓடும். அதனால் காலையில் இடக்கையால் பீன்ஸ் நறுக்கிப் பழகினேன். அவள் மணிக்கட்டு எப்படித் திரும்பியிருக்கும் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. அந்த நேரத்தில் மட்டும்தான் அவள் இல்லாத வீட்டில் என்னால் இருக்க முடிந்தது.

அம்மா கண்ணில் பட்டதோ என் விரலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியும் கோணல்மாணல் காயும்தான். ஒருநாள் நான் ஆபீஸிலிருந்து வந்ததும் வாசலிலேயே சொன்னார்.

"உன்ற கத்திய சாணை புடிக்கறவருகிட்ட குடுத்துப்போட்டேன் கண்ணு. ஒரு பக்கம் தீட்டாமயே உட்டிருக்காங்கன்னாரு. ரெண்டு பக்கமும் தீட்டிக் குடுத்துட்டாரு. இனி கையை வெட்டாது."

கத்தியை வாங்கிப் பார்த்தேன். தட்டையாக இருந்த பக்கம் இல்லை. வாய்விட்டுக் கத்த வேண்டும் போலிருந்தது. அம்மா முகத்தில் ஆடிக்குப் பிறகு நான் பார்க்காத நிம்மதி. யாரைக் கோபித்துக்கொள்வது?

"வெட்டித்தான் பாரேன்."

தக்காளி ஒன்றை எடுத்து வலக்கையால் வெட்டினேன். நேராக இறங்கியது. இனி நான் இடக்கையால் நறுக்க வேண்டிய அவசியமே இல்லை.

"இப்ப நல்லா இருக்குதா கண்ணு?"

"நல்லா இருக்குதுங்கம்மா" என்றேன்.