கொன்ட்ரோல் வந்த சனிக்கிழமை

பிரெஞ்சுத் தலைநகரில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் மேல்மாடி அறையில் எப்போதும் இரண்டு இளைஞர்கள் தங்கியிருப்பார்கள். ஆட்கள் மாறுவார்கள், இரண்டு என்ற எண் மாறாது. அவர்கள் மோர்மன் சபையின் ஊழியர்கள். படிப்பையும் வீட்டையும் சிறிது காலம் ஒதுக்கி வைத்துவிட்டு, சபை அனுப்பும் நாட்டுக்குப் போய்த் தம் சமயத்தை எடுத்துரைப்பது அவர்களுடைய வழக்கம். வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, மார்பிலே கறுப்புப் பெயரட்டை. அந்த அட்டையில், பெயருக்கு முன்பாக, 'மூத்தவர்' என்று பொருள்படும் ஓர் ஆங்கிலப் பட்டம் பொறிக்கப்பட்டிருக்கும். மீசை இன்னும் ஒழுங்காக அரும்பாத முகங்களுக்குக் கீழே அந்தப் பட்டத்தைக் காணும்போதெல்லாம், நரைத்த தலையுடைய நான் அவர்களுக்கு வழிவிட்டு நிற்க வேண்டுமோ என்று எனக்குள் சிரித்துக்கொள்வேன்.

நான் சொல்லப் புகும் இருவருள் ஒருவர் அமெரிக்காவின் மலைப் பிரதேசத்தவர். ஒல்லியாக, நெடிதாக, படிக்கட்டில் தலை தாழ்த்தி இறங்குபவர். மற்றவர் பசிபிக் பெருங்கடலின் தீவொன்றைச் சேர்ந்தவர். அகன்ற தோளர், உரத்த சிரிப்பர். அதிகாலையில் இருவரும் செய்யும் தேகப்பயிற்சியால் என் கூரை அதிரும். பின்னர் சட்டைக்கு இஸ்திரி போடும் வாசம் படியால் இறங்கி வரும். அதன்பின் பகல் முழுவதும் கதவு தட்டுதல். திறக்கும் கதவுகளிலும் திறவாத கதவுகளே அதிகம் என்று மலைநாட்டவர் தம் புதுப் பிரெஞ்சில் ஒருநாள் என்னிடம் சொன்னார். சொன்ன விதத்தில் துக்கம் சிறிதும் இல்லை. மழை எப்படிப் பெய்கிறது என்று சொல்பவரைப் போலச் சொன்னார். திங்கட்கிழமைகளில் துணி துவைப்பார்கள்; தாய்மாரோடு தொலைபேசியில் பேசுவார்கள். அன்று தீவுக்காரரின் சிரிப்பு இரண்டு மாடிகளைக் கடந்து கேட்கும்.

என் கதவையும் தட்டினார்கள். நான் சைவன், அப்படியே இருக்க விரும்புகிறேன் என்றேன். மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டு, அப்படியானால் தமிழில் வணக்கம் சொல்வது எப்படி என்று கேட்டார்கள். அன்று முதல் எங்களுக்குள் நல்ல உறவு.

அவர்களிடம் இரண்டு கண்டிப்பான விதிகள் இருந்தன. முதலாவது, ஒருவரை விட்டு ஒருவர் பிரியக்கூடாது. கடைக்குப் போனாலும் சந்திக்குப் போனாலும் இருவரும் சேர்ந்தே போக வேண்டும். இரண்டாவது விதி எங்கள் தெருவில் பெரும் சங்கடத்தை உண்டாக்கியது. அவர்கள் தேநீர் அருந்தமாட்டார்கள், கோப்பியும் அருந்தமாட்டார்கள். ரூ லூயி-பிளாங்கில் நான் காசாளர் மேசையில் அமரும் உணவகத்தின் முதலாளி, முதன்முறை அவர்களைக் கண்டபோது தாமே தேநீர் கொண்டுவந்து வைத்தார். இருவரும் கைகூப்பி மறுத்தனர்.

"ஏன், எங்கடை தேத்தண்ணிக்கு என்ன குறை?" என்று முதலாளி என்னைக் கேட்டார்.

"குறை ஒண்டுமில்லை. அவையின்ரை சமயத்திலை தேத்தண்ணி விலக்கு."

"தேத்தண்ணியை விலக்கிற சமயமோ? இஞ்சை லா சப்பலிலை ஒருத்தரும் சேரமாட்டினம் எண்டு சொல்லிவிடுங்கோ, பாவங்கள், வீணாய் நடந்து திரியாமல்."

நான் அதை மொழிபெயர்த்தேன். தீவுக்காரர் கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். ஆயினும் முதலாளியின் மனத்தில் அந்த மறுப்பு ஒரு சிறு முள்ளாகத் தங்கிவிட்டது.

அந்தக் குளிர்காலத்தில் முதலாளிக்குத் தம் மகனின் கல்யாணம் பற்றிய கவலை ஒன்று இருந்தது. மகனும், புறநகரான எபினே-சூர்-செய்னில் வசிக்கும் ஒரு குடும்பத்தின் மகளும், தங்களுக்குள் எப்போதோ பேசி முடித்துவிட்டார்கள். பெண்ணின் தகப்பனார் நகரசபை அலுவலகத்தில் வேலை செய்பவர். சாப்பாட்டுக் கடைக் குடும்பத்தில் பெண் கொடுப்பதில் அவருக்குத் தயக்கம் இருந்தது. பெண் வீட்டார் புதிதாக வாங்கிய வீட்டுக்குக் குடிபுகும் நாள், குடிபூரல், வந்தது. "மத்தியானச் சாப்பாட்டை அவரே கொண்டு வரட்டும், பிறகு மிச்சத்தைக் கதைப்பம்" என்று தகப்பனார் சொல்லியனுப்பினார். முதலாளி அந்தச் சொல்லைச் சம்மதத்தின் பாதியாக எடுத்துக்கொண்டார். மற்றப் பாதி சனிக்கிழமை மத்தியானம் எபினேயில் இறங்கப்போகும் சாப்பாட்டுக் கிடாரங்களுக்குள் இருந்தது.

ஆகையால் அன்று எதிலும் குறுக்குவழி இல்லை. தகரப் பால் கூடாது, திருவிய தேங்காயின் பால்தான் வேண்டும். கத்தரிக்காய்ப் பால்கறி, பூசணிக்காய், பருப்பு, சாம்பார், வடை, பாயாசம் எல்லாம் நண்பகலுக்கு முன் அங்கே சேர வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. சமையற்காரருக்குத் துணையாக இரு உதவியாளர்கள் அந்த வாரந்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள். இருவருடைய விசாவும் இன்னும் முடிவாகவில்லை.

காலை வேளையில், குப்பைப் பையோடு வாசலுக்குப் போன உதவியாளர் ஒருவர் பை இல்லாமல் திரும்பி ஓடி வந்தார்.

"கொன்ட்ரோல்! கொன்ட்ரோல்!"

எங்கள் தெருவில் அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கு விளக்கம் வேண்டியதில்லை. கடைகளில் யார் வேலை செய்கிறார்கள், பத்திரம் உண்டா என்று பார்க்க வரும் அரசாங்கப் பரிசோதகர்களின் வருகை அது. அவர்கள் இருவராகவே வருவார்கள். கறுப்புக் கோட்டும் அட்டையும் கோப்புமாக வருவார்கள். நான் தலைநிமிர்ந்து பார்ப்பதற்குள் உதவியாளர் இருவரும் பின்முற்றத்தால் மறைந்துவிட்டார்கள். கீழே நிலவறைச் சமையற்கட்டில், அடுப்பில் பருப்பு கொதித்தது. அரிமனையருகே பாதி அரிந்த கத்தரிக்காய் கிடந்தது.

வாசற்கதவு திறந்தது. கறுப்புக் கோட்டும் கோப்புமாக இருவர் உள்ளே வந்தனர்.

"வணக்கம் ஐயா!" என்றார் தீவுக்காரர்.

இலவச ஆங்கில வகுப்புக்கான அறிவித்தலைக் கண்ணாடியில் ஒட்ட அனுமதி கேட்டு வந்திருந்தார்கள். குளிர் மிகுந்தபடியால் புதுக் கோட்டு.

முதலாளி கதிரையில் அமர்ந்து தலையில் கைவைத்தார். "அண்ணை, இண்டைக்கெண்டு பாத்து உவங்கள் இந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாங்கள். நான் சம்பந்தியிட்டை என்னத்தைக் கொண்டுபோறது? வெறுஞ்சட்டியையோ?"

உதவியாளர்களின் தொலைபேசிகள் அணைந்திருந்தன. நான் இளைஞர்களிடம் நடந்ததை எடுத்துச் சொன்னேன். அவர்கள் முகம் சிவந்தது. ஒருவரையொருவர் பார்த்தார்கள். மலைநாட்டவர் கோட்டைக் கழற்றினார். தீவுக்காரர் சட்டைக் கைகளை மடித்துவிட்டார். கழுத்துப்பட்டிகளைச் சட்டைப் பொத்தான்களுக்கிடையே செருகிக்கொண்டு, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். பிறருக்கு உதவுவதும் தங்கள் ஊழியத்தில் ஒரு பகுதி என்றார்கள்.

"உவையோ?" என்றார் கீழிருந்து ஏறி வந்த சமையற்காரர். "தேத்தண்ணி குடியாத ஆக்கள் தேங்காய் திருவுவினமோ?"

தீவுக்காரர் திருவலையைக் கண்டதும், நெடுநாள் காணாத உறவினரைக் கண்டவர்போல் முகம் மலர்ந்தார். தம் தீவில் பாடசாலைக்குப் போகுமுன் ஒவ்வொரு பிள்ளையும் தேங்காய் திருவியாக வேண்டும் என்றார். கால் நீட்டி அமர்ந்து அவர் திருவிய வேகத்தைக் கண்ட சமையற்காரர், அதன்பின் அவரைத் 'தம்பி' என்று அழைத்தார். மலைநாட்டவரோ வெங்காயத்தோடு போராடினார். ஒவ்வொரு துண்டும் வெவ்வேறு வடிவம். அவர் கண்ணிலிருந்து நீர் தாரையாக ஓடியது.

"அழாதை தம்பி, கலியாணம் எனக்கில்லை, பொடியனுக்குத்தான்" என்று முதலாளியும் இப்போது பகிடி விடத் தொடங்கினார்.

ஒரே சங்கடம் அவர்களுடைய முதலாவது விதி. சமையற்கட்டு நிலவறையில், பாத்திரங்கள் மேலே. ஒருவரை மேலே அனுப்பினால் மற்றவரும் அகப்பையோடு பின்னால் ஏறினார். "ஒராளைக் கூப்பிட்டால் ரண்டு பேர் வருகினம், இது நல்ல வேலைதான்" என்றார் சமையற்காரர். ஆனால் பெரிய கிடாரங்களை வண்டியில் ஏற்றும் நேரம் வந்தபோது, கிடாரத்துக்குக் காதுகள் இரண்டாக இருப்பதன் நியாயம் எல்லோருக்கும் விளங்கியது. இருவரும் இரு காதைப் பிடித்து ஒரே மூச்சில் தூக்கினார்கள்.

சமையற்காரர் மாலை வியாபாரத்துக்காகக் கடையில் தங்கினார். முதலாளி வண்டியோட்ட, நான் அவர் பக்கத்தில் அமர்ந்தேன். இளைஞர்கள் பிரியமாட்டாதவர்கள் ஆகையால் இருவரும் பின்னால் ஏறி, சாம்பாரை ஒருவரும் பாயாசத்தை ஒருவரும் குழந்தையைப்போல அணைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் பின்னாலிருந்து ஒரு பெருங்கூச்சலும், அதைத் தொடர்ந்து சிரிப்பும் வந்தன.

எபினேயில் லிப்ட் வேலை செய்யவில்லை. முதலாளி வானத்தைப் பார்த்தார். நான் படிக்கட்டைப் பார்த்தேன். அவர்களோ கிடாரத்தின் காதுகளைப் பற்றிக்கொண்டு ஏறத் தொடங்கிவிட்டார்கள். தினமும் மாடி மாடியாக ஏறிக் கதவு தட்டிப் பழகிய கால்கள் அவை. இம்முறை கதவு தட்டுமுன்பே திறந்தது.

உள்ளே விருந்தினர் நிறைந்திருந்தார்கள். கழுத்துப்பட்டி அணிந்த இரு வெளிநாட்டவர்கள் கிடாரம் சுமந்து வருவதை வீடு முழுவதும் திரும்பிப் பார்த்தது. பெண்ணின் தகப்பனார் முதலாளியை முதன்முறையாக மதிப்போடு பார்த்தார்.

"அட, பெரிய ஒட்டேல்காரர் மாதிரி ஆக்களை வைச்சிருக்கிறியள்!"

முதலாளி ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "ஓரளவுக்கு..." என்று இழுத்து, என் முழங்கையை அழுத்தினார். உண்மை வெளிவந்தால், ஆட்கள் ஓடிப்போன சமையற்கட்டிலிருந்து வந்த சாப்பாடு என்று ஆகிவிடும். அலுவலகத்துக்காரர் வீட்டில் அதைச் சொல்ல முடியுமா?

ஆனால் தகப்பனார் பிரெஞ்சில் மலைநாட்டவரையே நேராகக் கேட்டார். "இவரிடம் எப்போதிருந்து வேலை செய்கிறீர்கள்?"

"இன்று காலையிலிருந்து, ஐயா."

"அதற்குமுன் என்ன செய்தீர்கள்?"

பொய் சொல்லும் வழக்கம் அவர்களிடம் இல்லை. "அவருடைய சமையற்காரர்களைப் பயமுறுத்தினோம்" என்றார்.

பெண் அவருடைய பெயரட்டையை எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "பப்பா, இவை செர்வர் இல்லை. மிசியோனேர்! சமயம் பரப்பிறவை, எங்கடை மெத்ரோவடியிலை நிக்கிறவை!"

இனி மறைப்பதில் பொருளில்லை. முதலாளி தலைகுனிந்து நடந்ததை முழுவதும் சொன்னார்: குப்பைப் பை, கோட்டு, பின்முற்றம், பாதி அரிந்த கத்தரிக்காய். பால் காய்ச்சிய பானையின் அருகே நின்ற பெண்ணின் தாயார் தம் கணவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஏதோ இருந்தது.

"சொல்லுங்கோவன்" என்றார்.

"என்னத்தைச் சொல்லுறது?"

"உங்கடை ஓட்டத்தை. இல்லாட்டி நான் சொல்லுவன்."

அலுவலகத்துக்காரர் தொண்டையைச் செருமினார். இந்நாட்டுக்கு வந்த புதிதில் அவரும் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினாராம். கழுத்துப்பட்டியோடு இருவர் வாசலில் நிற்கக் கண்டு யன்னலால் குதித்தாராம். வந்தவர்கள் காப்புறுதி விற்பவர்கள்.

"குதிச்சதுமில்லாமல், ஒரு செருப்பை அங்கை விட்டிட்டு வந்தவர்" என்று தாயார் முடித்து வைத்தார். "மற்றச் செருப்பை நான் கன காலம் வைச்சிருந்தனான், பகிடிக்கு."

வீடு அதிர்ந்தது. பிறகு யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த அறையில் இருந்த மூத்தவர்கள் ஒவ்வொருவரிடமும் ஓர் ஓட்டம் இருந்தது. ஒருவர் மாவுச் சாக்குக்குள் நின்றவர். ஒருவர் தேவாலயத்துக்குள் புகுந்து பூசை முடியும்வரை முழந்தாளிட்டவர். நான் இவற்றை மொழிபெயர்க்க, இளைஞர்கள் இருவரும் முதலில் சிரித்தார்கள். பின்னர் தீவுக்காரர் ஒவ்வொருவரிடமும் போய், காலையில் ஓடியவர்களிடம் கேட்கவேண்டிய மன்னிப்பை இவர்களிடம் கேட்டார்.

இலை போட்டார்கள். மலைநாட்டவர் அரிந்த வெங்காயம் சம்பலில் பல வடிவங்களோடு கிடந்தது. அதைப் பற்றியும் பகிடி குறையவில்லை. பெண்ணின் தகப்பனார் பால்கறியை இரண்டாந்தரம் கேட்டு வாங்கினார். மூன்றாந்தரம் கேட்டபோது, முதலாளியைச் "சம்பந்தி" என்று அழைத்துக் கேட்டார். முதலாளி அகப்பை நிறைய அள்ளி அவர் இலையில் வார்த்தார்.

சாப்பாட்டின் முடிவில் எல்லோருக்கும் தேநீர் வந்தது. முதலாளி தாமே முந்திக்கொண்டு, "அவைக்கு வேண்டாம், அவையின்ரை சமயத்திலை விலக்கு" என்று தடுத்தார். மாதக்கணக்காகத் தம்மைக் குத்திய முள்ளை அவரே பிடுங்கி எறிந்ததுபோல் இருந்தது. தாயார் யோசித்துவிட்டு, காலையில் புதுவீட்டுக்குக் காய்ச்சிய பாலைச் சூடாக்கிச் சீனியிட்டுக் கொண்டுவந்தார். இதற்கு எந்த விலக்கும் இல்லை. இருவரும் ஒரே மூச்சில் குடித்தார்கள். மலைநாட்டவரின் வெள்ளைச் சட்டையில் ஐந்து விரல்களோடும் மஞ்சள் பதிந்திருந்தது. அது துவைத்தால் போகாது என்று தாயார் சொன்னதை நான் அவருக்கு மொழிபெயர்க்கவில்லை.

ஓடிய உதவியாளர்கள் மாலையில் திரும்பினார்கள். முதலாளி திட்டவில்லை; பாயாசம் கொடுத்தார்.

கல்யாணம் வேனிற்காலத்தில் நடந்தது. அதற்குள் அவ்விருவரையும் சபை வேறு நகரங்களுக்கு மாற்றியிருந்தது. முதன்முறையாக வேறு வேறு துணைகளோடு. மேல்மாடிக்குப் புதிதாக வந்த இருவருக்கும் முதலாளி அழைப்புக் கொடுத்தார். காரணம் தெரியாமலே அவர்கள் கழுத்துப்பட்டியோடு மண்டப வாசலில் வந்து நின்றார்கள். பந்தியில் வடை பரிமாறிக்கொண்டிருந்த அந்த உதவியாளர்களில் ஒருவர் அவர்களைக் கண்டு, வாளியை உயர்த்தி, மண்டபம் முழுவதும் கேட்கக் கூவினார்.

"கொன்ட்ரோல்!"

ஒருவரும் ஓடவில்லை. மணமகளின் தகப்பனார் எழுந்து தம் பக்கத்தில் இரண்டு கதிரைகளை இழுத்துப் போட்டார்.