பழகிய கைகளுக்கு ஒரு டேட்டாபேஸ்

கணினியைத் தொட்டே பார்க்காதவருக்கு மென்பொருள் செய்து கொடுப்பது சுலபம். பல வருடம் அதிலேயே ஊறியவருக்குச் செய்து கொடுக்கத்தான் தனியாக ஒரு பொறுமை வேண்டும். முதலாமவர் நாம் சொன்ன பட்டனை அழுத்துவார். இரண்டாமவர், "இந்தப் பட்டன் ஏன் இங்கிட்டு இருக்கு?" என்று கேட்பார்.

புதுக்கோட்டையில் ஒரு கவரிங் நகைக் கடைக்கு மேல்மாடியில் என் அலுவலகம். கடைகள், மண்டபங்கள், சங்கங்கள் என்று கேட்பவர்களுக்கெல்லாம், அவர்கள் மேசைக் கணினியிலேயே ஓடுகிற டேட்டாபேஸ் எழுதிக் கொடுக்கிறேன். எல்லாம் இணையத்துக்குப் போய்விட்ட காலத்தில் இதற்கு யார் வருகிறார்கள் என்கிறீர்களா? நெட் போனாலும் பில் போட்டாக வேண்டியவர்கள் வருகிறார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் விவரமானவர்கள். இதே தொழிலில் இருந்துகொண்டு இதைப் படிக்கும் அன்பர்களே, 'விவரமானவர்கள்' என்ற சொல்லை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கலர் எங்கே?

ஆலங்குடிப் பக்கம் சிவக்கொழுந்து என்று ஒரு முந்திரி வியாபாரி. தன் வியாபாரம் முழுவதையும் எக்செல்லில் வைத்திருந்தார். அதைத் திறந்தால் கோயில் திருவிழாவுக்குக் கட்டிய சீரியல் லைட் மாதிரி இருக்கும். ஒவ்வொரு வாடிக்கையாளர் பெயருக்கும் ஒரு கலர். எல்லாவற்றையும் டேட்டாபேஸுக்கு மாற்றிக்கொண்டு போய்க் காட்டினேன். பெயர் வந்திருந்தது, ஊர் வந்திருந்தது, போன் நம்பர் வந்திருந்தது. அவர் முகம் மட்டும் வாடிவிட்டது. "கலர் எங்க மேடம்?" என்றார். டேட்டாபேஸ் கலரைப் படிக்காது, கலருக்கு என்ன அர்த்தமோ அதைச் சொன்னால் தனியாக ஒரு கட்டம் போட்டுவிடலாம் என்றேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பச்சை என்றால் சொன்ன சொல் மாறாதவர். மஞ்சள் என்றால் மூட்டையைப் பிரித்த பிறகு பேச்சை மாற்றுகிறவர். ஊதா என்றால் நல்லவர்தான், ஆனால் போனை எடுத்தால் வைக்கமாட்டார். சிவப்பைப் பற்றி அவர் பேச விரும்பவில்லை.

'குணம்' என்று ஒரு கட்டம் போட்டு, எல்லாருடைய குணத்தையும் அதில் ஏற்றினேன். ஊதா ஆட்களை மட்டும் பிரித்துக் காட்டியபோது சிவக்கொழுந்து அசந்துபோனார். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் யார் போனை எடுக்கக்கூடாது என்பது ஒரே பக்கத்தில் வந்துவிட்டதே! ஒரே ஒரு பெயருக்குத்தான் முன்பும் கலர் இல்லை, இப்போதும் குணம் இல்லை. "இவருக்கு என்ன போடட்டும்?" என்று கேட்டேன். சாத்திய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அது எம் மச்சான் மேடம். அதைக் காலியாவே விட்ருங்க. பில்லு போடுறது எங்க வீட்டம்மா."

பூட்டு

திருமயத்தில் ஒரு கல்யாண மண்டபம். அண்ணன் சொக்கலிங்கம், தம்பி மெய்யப்பன், இருவருக்கும் பொது. ஒரே அறையில் ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு கணினி, நடுவில் பேச்சுவார்த்தை இல்லை. என்ன சண்டை என்று யாருக்கும் தெரியாது. அண்ணன் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் வாட்ச்மேனைக் கூப்பிட்டு, தம்பிக்குக் கேட்கும்படி வாட்ச்மேனிடம் சொல்வார். இப்படிப் பேசாமலே இருந்து ஒருமுறை ஒரே முகூர்த்தத்தை இரண்டு வீட்டாருக்குக் கொடுக்கப் பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் பதிவுப் பூட்டு வைத்தேன். அதாவது, ஒருவர் ஒரு தேதியைத் திறந்து வைத்திருந்தால் அவர் மூடும்வரை மற்றவர் அதில் கை வைக்க முடியாது. 'இந்தத் தேதியை வேறொருவர் திறந்திருக்கிறார்' என்று திரையில் வரும். மறுநாளே அண்ணன் போன் செய்தார்: "யாரு மேடம் அந்த வேறொருவர்? பேரைப் போடுங்க." போட்டேன்.

தை மாத முகூர்த்தங்களுக்குக் கூட்டம் அலைமோதிக்கொண்டிருந்த ஒரு காலையில் அந்த மண்டபத்துப் பிரிண்டரைச் சரிபார்க்கப் போயிருந்தேன். பெண் வீட்டார் தாம்பூலத் தட்டோடு அண்ணன் முன்னால் நிற்கிறார்கள். அவர் தேதியைத் தட்டினால், 'இந்தத் தேதியை மெய்யப்பன் திறந்திருக்கிறார்' என்று வருகிறது. மெய்யப்பனோ ஐந்தடி தள்ளி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். வாட்ச்மேன் டீ வாங்கப் போய்விட்டான். பெண்ணின் அப்பா, "தேதி இல்லையாங்க?" என்று கேட்டபடியே தட்டைக் கீழே வைக்கப் பார்க்கிறார். அண்ணன் மேசையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மெய்யப்பா, அந்தத் தேதியக் கொஞ்சம் விடுப்பா" என்றார். பேப்பர் கீழே இறங்கியது. "இந்தா, விட்டுட்டேண்ணே." அவ்வளவுதான். பெண் வீட்டார் சந்தோஷமாகப் போனார்கள். மெய்யப்பன் மறுபடி பேப்பரைத் தூக்கிக்கொண்டார்.

இந்தச் சிக்கல் இனிமேல் வராமல், சும்மா திறந்து கிடக்கும் தேதியை மென்பொருளே விடுவித்துவிடும்படி எழுதிக்கொண்டு அடுத்த வாரம் போனேன். பெருமையாகச் சொல்லவும் செய்தேன். சொக்கலிங்கம் என்னை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார்: "அந்தப் பூட்டுல கை வச்சுறாதீங்க மேடம். அது விழுகுறப்பத்தான் அவன் எங்கிட்டப் பேசுறான்."

காலியாக விடக்கூடாத கட்டம்

கீரனூர்ப் பக்கம் ஒரு குலதெய்வக் கோயிலுக்குப் பங்காளிகள் பட்டியல் போட வேண்டியிருந்தது. ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்ட டேட்டாபேஸுக்கு ஏதாவது ஓர் அடையாளம் வேண்டும். இங்கே சாமி பெயர் கருப்பர். ஆகவே ஆண்களில் பாதிப் பேர் கருப்பையா, மீதிப் பேர் சின்னக்கருப்பன். அப்பா பெயரும் அதுவே. போன் நம்பரோ வீட்டுக்கு ஒன்று. ஒரு எண்ணைக் கொடுத்துவிடலாம் என்றேன். கோயில் கமிட்டிச் செயலாளர் பழனிவேல் பல வருடம் ஆபீஸ் கணினியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நம்பரச் சொன்னா எவனுக்குத் தெரியும் மேடம்? பட்டப்பேரு போடுங்க." போட்டோம். வெடிக் கருப்பையா, மிலிட்டரி கருப்பையா, பஸ்ஸை விட்ட கருப்பையா என்று அத்தனை பேரும் அழகாகப் பிரிந்துவிட்டார்கள்.

ஒருவர் மட்டும் மிச்சம். ரேஷன் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யாரையும் கடிந்து பேசாதவர், எதற்கும் முந்தாதவர். பட்டப்பெயர் வைக்கும் அளவுக்கு அவர் எந்தக் காரியமும் செய்ததில்லை. கமிட்டி கூடி யோசித்தும் ஒன்றும் அமையவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டால் மென்பொருள் ஏற்காது. பழனிவேல் சலித்துப்போய், 'பேரில்லாத' என்று அடித்துச் சேமித்துவிட்டார். அது அப்படியே அழைப்பிதழிலும் அச்சாகிவிட்டது. திருவிழா அன்று மைக்கில், "பேரில்லாத கருப்பையா குடும்பத்தார் பொங்கப் பானையை எடுத்துட்டு முன்னால வரவும்!" என்று முழங்கியதும் கூட்டம் சிரித்தது. விருந்தாளியாக அங்கே நின்ற எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல மனிதர், மனம் நொந்து பங்காளி உறவே வேண்டாம் என்று போய்விட்டால்? பானையை இறக்கி வைத்துவிட்டு அவர் நேராக என்னிடம்தான் வந்தார். மன்னிப்புக் கேட்க நான் வாயெடுப்பதற்குள் என் கையைப் பிடித்துக்கொண்டார்: "ரொம்ப சந்தோசம்மா. என்னையும் இன்னைக்குத்தான் எல்லாரும் திரும்பிப் பார்த்தாக."

பார்க்க மட்டும்

இலுப்பூரில் மாலதி ஒரு மாட்டுத்தீவனக் கடை நடத்துகிறார். நான் எழுதிய மென்பொருளில் எனக்கே மறந்துபோன குறுக்குவழிகளெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் உள்ளே நுழைவது மட்டும் 'குமரேசன்' என்ற பெயரில். குமரேசன் அவர் கணவர். வளைகுடாவில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். கடை தொடங்கியபோது அவர் பெயரில் போட்டது, அப்படியே நின்றுவிட்டது. அவர் மொத்தமாக ஊர் திரும்பியதும் எனக்கு அழைப்பு வந்தது. போனால், மாலதியின் நாற்காலியில் குமரேசன் உட்கார்ந்திருக்கிறார். மாலதி தராசுப் பக்கம் நின்று பருத்திக்கொட்டை நிறுத்துக்கொண்டிருக்கிறார். என்னிடம் எப்போதும் வளவளவென்று பேசுகிறவர், அன்றைக்கு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எனக்கு நல்லாச் சொல்லிக் குடுங்க மேடம், இனிமே நாந்தான் பார்க்கப் போறேன்" என்றார் குமரேசன். சொல்லிக் கொடுத்தேன். நான் கிளம்புவதற்குள் புண்ணாக்கு இருப்பு மைனஸுக்குப் போய்விட்டது, தவிட்டின் விலை கோழித்தீவனத்துக்கு ஏறிவிட்டது, வாசலில் மூன்று டிவிஎஸ் வண்டிகள் ஹாரன் அடித்தன. அந்த மனிதருக்கு நெற்றியெல்லாம் வியர்வை. "அங்கிட்டு அம்புட்டு உசரத்துல உக்காந்து கிரேன் ஓட்டிருக்கேன் மேடம், கை நடுங்கினதில்ல" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு அவராகவே எழுந்து, நாற்காலியைத் துண்டால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஒதுங்கி நின்றார். மாலதி வந்து உட்கார்ந்தார். நாலு தட்டு, எல்லாம் சரியாகிவிட்டது. வண்டிகள் போன பிறகு என் பக்கம் திரும்பினார்: "எம்பேருல ஒரு லாகின் போடுங்க மேடம், எல்லா அதிகாரத்தோடயும். அவுகளுக்குப் 'பார்க்க மட்டும்' குடுங்க. கொஞ்ச நாள் பக்கத்துல உக்காந்து பார்க்கட்டும். இத்தனை வருசம் நான் அவுகள போன்லதான பார்த்தேன்?"

எட்டுக்கு மேலே

சாதிக் பாய் புதுக்கோட்டையில் செல்போன் பழுது பார்க்கிறவர். ரத்ததானக் குழு ஒன்றும் நடத்துகிறார். ரத்த வகையையும் ஊரையும் சேர்த்து அடித்தால் கொடையாளர்களைத் தேடித் தரும் ஒரு டேட்டாபேஸ் எழுதிக் கொடுத்திருந்தேன். ஒரு மதியம் நான் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது கூப்பிட்டார். குரலே சரியில்லை. தலைப்பிரசவத்தில் ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் உடனே வேண்டும். அந்த ரத்த வகையில் மற்ற ஊர்க்காரர்கள் எல்லாம் அண்மையில்தான் கொடுத்திருந்தார்கள். இடைவெளி விடாமல் மறுபடி ரத்தம் கொடுக்கக்கூடாது என்பதால் அவர்களை மென்பொருள் காட்டாது, காட்டவும் கூடாது. "நார்த்தாமலையில ஆளு இருக்குன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு மேடம். ஊர் பேரு போட்டுத் தேடுனா ஒண்ணுமே வரலையே!"

எனக்கு உடனே பொறி தட்டியது. பெயர்களை ஏற்றியது ஊர் ஊராகப் பலபேர். ஒருவர் நார்தாமலை என்று அடித்திருப்பார், இன்னொருவர் நாரத்தாமலை என்று. ஊர்க் கட்டத்தில் 'நார' என்று மட்டும் அடித்துவிட்டுப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போடச் சொன்னேன். அதற்கப்புறம் புள்ளி இருந்தாலும் வேறு என்ன எழுத்து இருந்தாலும் அது கொண்டுவந்துவிடும். "நட்சத்திரமா? அது எங்க இருக்கு?" என்று கத்தினார். "கீபோர்டுல எட்டுக்கு மேல! ஷிப்ட்டப் பிடிச்சுக்கிட்டு எட்டை அழுத்துங்க!" என்று நானும் கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "வந்துருச்சு! மூணு பேரு!" என்றார். அதோடு லைன் கட்டாகிவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன், வெளியே எந்த ஊர் போனது என்று எனக்குத் தெரியாது. அந்த மூன்று பேரில் ஒருவர் போனை எடுக்கவில்லை, ஒருவர் திருப்பூரில் இருந்தார், மூன்றாமவர் கல்குவாரி லாரி டிரைவர், பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு பைக்கில் பறந்து வந்தார் என்பதெல்லாம் பிறகு தெரிந்தவை.

சாயங்காலம் சாதிக் பாய் கூப்பிட்டபோது பின்னால் ஆஸ்பத்திரி இரைச்சல். எனக்குக் கேட்கவே பயமாக இருந்தது. அவரோ சிரித்துக்கொண்டிருந்தார்: "பொம்பளப் புள்ள மேடம், ஆத்தாளும் மகளும் நல்லா இருக்காக. புள்ளையோட தாத்தா வந்து, 'என்ன நட்சத்திரத்துல பொறந்துச்சு தம்பி'ன்னு எங்கிட்டக் கேட்டாரு. எனக்கு அதெல்லாம் தெரியாதுல்ல, 'எட்டுக்கு மேல இருக்குற நட்சத்திரங்கய்யா'ன்னு சொல்லிட்டேன்."

மென்பொருளில் இருக்கும் பிழைகளை எப்படியும் ஒருநாள் திருத்திவிடலாம். அதைப் பயன்படுத்துகிற மனிதர்களை யாராவது திருத்திவிட்டால்தான் என் பிழைப்பு போய்விடும்.