அவளுடைய போனுக்கு வந்த பெட்ரோல் மெசேஜ்

இன்று நோர்வூட் பெட்ரோல் ஷெட் வரிசையில், போன மாதம் இறந்துபோன என் மனைவியின் ஸ்கூட்டியோடு நின்றேன். எங்கள் கைக்குழந்தை டயகமவில் மாமியார் வீட்டில் இருக்கிறாள். பெட்ரோல் கிடைத்தால்தான் போய்ப் பார்க்கலாம்.

பின்னால் இரண்டு கேனோடு நின்றவர் கத்தினார்: "ஏங்க, பொண்டாட்டி வண்டியையும் கொண்டாந்து பதுக்குறீங்களா? அந்தம்மாவ வந்து லைன்ல நிக்கச் சொல்லுங்க."

சிலர் சிரித்தார்கள். முன்னும் பின்னும் வண்டிகள். விலகிப் போகவும் வழியில்லை.

ஒருவழியாக என் முறை வந்தது. அவள் நம்பரில் பதிந்த ஸ்கூட்டியின் கியூஆரைக் காட்டிப் பெட்ரோல் அடித்து முடித்ததும், இந்த வாரப் பங்கில் மிச்சம் எத்தனை லீட்டர் என்று சொல்லும் மெசேஜ் வந்து, என் சட்டைப்பையில் இருந்த அவளுடைய போன் சத்தம் போட்டது.

"அந்தா, வீட்டுல தேடுறாங்க. கெளம்புங்க" என்றார் அவர்.

கியூஆரில் அவள் நம்பரை எப்படி மாற்றுவது என்று யாரும் கமெண்டில் சொல்ல வேண்டாம். போன் ரிப்பேர்தான் என் தொழில்.